பாட்டு நின்ற பிறகும் ஒலிப்பது எது?

பாட்டை நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஏதாவது கேட்கிறதா?

கேட்டால், அடுத்து எழும் ஆசை எதையாவது வாங்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் விரல் பருமனுக்கு ஒரு கேபிள் வாங்கினேன். அது போதாதென்று மின்சாரத்தை 'சுத்தம் செய்யும்' பெட்டி ஒன்றும் வீட்டுக்கு வந்தது. முனகல் அசையவில்லை. கடைசியில் ஒரு மாலை, இருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் காரணம் கையில் வந்து விழுந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது. இப்போதைக்கு ஒன்று மட்டும்: சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியும்வரை ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள். தேடுவதற்குக் காதும் கையும் ஒரு தாளும் போதும்.

முதலில் காதால் பிடியுங்கள்

'இரைச்சல்' என்று மொத்தமாகச் சொல்லாமல், கேட்பதை அப்படியே எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. இந்த வேலையில் அவை அளவுகருவிக்கு நிகராக உதவும்.

'உம்ம்' என்று அடித்தொண்டையில் முனகினால் அது மின்சாரத்தின் அடிப்படை அதிர்வெண். உலகின் பெரும்பகுதியில் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. சுருதி பழகிய காதுக்கு இன்னொரு அடையாளம் சொல்கிறேன்: 50 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ ஐந்து கட்டை ஷட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே. பெரும்பாலும் இது எர்த் இணைப்பிலோ, மின்மாற்றியின் காந்தப்புலத்திலோ பிறக்கிறது.

'ர்ர்ர்' என்று வண்டு போல அறுத்தால், 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கின்றன. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டையோடுகள் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்புவதால் 50 இரட்டிப்பாகி 100 ஆகிறது. எனவே மின்வழங்கிப் பகுதியின் பழுது, விளக்கின் டிம்மர் போன்றவற்றின் மேல் முதல் சந்தேகம் விழ வேண்டும். எர்த் கோளாறும் சில சமயம் இப்படி அறுக்கும். ஆகவே இது சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன ஸ்பீக்கர்களால் 50 ஹெர்ட்ஸை உரக்கச் சொல்லவே முடியாது. அடிப்படை ஒலி அமுங்கி, அதன் மடங்குகளான 100, 150 மட்டும் காதுக்கு எட்டும்.

'உஸ்ஸ்' என்று ஒரே சீராக வருவது மின்னணுச் சுற்றுகளின் இயல்பான சீறல். 'கீச்' என்று மெல்லியதாக ஒலித்து, கணினியின் மவுஸை நகர்த்தும்போது அதுவும் கூடவே நெளிந்தால், கணினியின் உள்வேலை கேபிள் வழியாகக் கசிகிறது. 'கரகர' என்றால் எங்கோ ஒரு தொடர்பு தளர்ந்திருக்கிறது, அல்லது அழுக்கேறியிருக்கிறது. எப்போதாவது ஒரு 'டப்' கேட்டால், வீட்டில் ஒரு மோட்டாரோ குளிர்சாதனப் பெட்டியோ இயங்கத் தொடங்கிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றில் எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: சத்தம் உண்மையிலேயே ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா? ஆம்ப்ளிஃபையரின் மூடியில் காதை வைத்துப் பாருங்கள். முனகல் அங்கேயே இருந்து, ஸ்பீக்கர் அமைதியாக இருந்தால், உள்ளே இருக்கும் மின்மாற்றி உடலாலேயே அதிர்கிறது என்று பொருள். வட்ட வடிவ மின்மாற்றிகளுக்கு இந்தப் பழக்கம் அதிகம். மின்வழியில் சிறிதளவு நேர்மின்னோட்டம் கலந்தாலே முனகத் தொடங்கிவிடும். பாதிச் சூட்டில் ஓடும் சிலவகைத் தலைமுடி உலர்த்திகள் அலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் செய்வதுண்டு. கேபிள்களை எத்தனை முறை மாற்றினாலும் இந்த முனகல் போகாது.

கை வைப்பதற்கு முன்

ஆர்.சி.ஏ. பிளக்கை (நடுவில் ஒரு ஊசியும் சுற்றி ஒரு வளையமும் உள்ள வழக்கமான ஆடியோ பிளக்) செருகும்போது நடு ஊசிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான். கழற்றும்போது வளையம் முதலில் விடும். அந்த இடைப்பட்ட கணத்தில் எர்த் இல்லாத சிக்னல் கம்பி மட்டும் தொங்க, ஸ்பீக்கர் அலறும். உச்ச ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் கருகவும் கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் வால்யூமைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரை அணைத்து, சில நொடிகள் பொறுத்துத்தான் எதையும் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்காதீர்கள். அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுப்போகலாம். எந்த ஆம்ப்ளிஃபையரின் மூடியையும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மூன்று ஊசி பிளக்கின் எர்த் ஊசியை வெட்டவோ, டேப் ஒட்டி மறைக்கவோ கூடாது. 'அதைச் செய்தால் முனகல் போய்விடும்' என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். போய்விடும் என்பது பல சமயம் உண்மைதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எர்த் இல்லாத கருவியின் உள்ளே காப்பு கெட்டால், அதன் உலோகப் பெட்டியில் வீட்டு மின்சாரம் ஏறும். கேபிள்களின் வெளிவலை (சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) வழியாக, அதோடு இணைந்த மற்றக் கருவிகளின் உடலிலும் ஏறும். பிறகு ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டுபவரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

வால்யூம் குமிழின் சாட்சி

பாட்டு ஓடாத நிலையில் வால்யூமைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். சத்தமும் கூடவே ஏறினால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நுழைகிறது. அப்படியானால் பாடும் கருவி, அதன் கேபிள், உள்ளீட்டுப் பகுதி ஆகியவற்றில் தேட வேண்டும். குமிழை எங்கே திருப்பினாலும் சத்தம் அதே அளவில் நின்றால், அது குமிழுக்குப் பின்னால் நுழைகிறது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப், மின்வழங்கி, தாழ்ந்த ஒலிகளுக்கென்றே தனி மின்சாரம் வாங்கும் சப்வூஃபர் ஆகியவை அந்தப் பக்கத்து ஆசாமிகள். ஒரே திருப்பலில் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது.

வால்யூமைக் கைபேசியிலோ கணினியிலோ கூட்டிக் குறைப்பவர்களுக்கு இந்தச் சோதனை கொஞ்சம் மாறும். அவர்களுக்கு வால்யூம் தொடர்வரிசையின் தலையிலேயே இருக்கிறது, எனவே அதற்குப் பின் வருபவை எல்லாமே 'பின்னால்' என்ற கணக்கில் வந்துவிடும். ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ தனிக் குமிழ் இருந்தால் சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது உள்ளீடு மாற்றும் சுவிட்ச். ஒன்றும் மாட்டாத உள்ளீட்டுக்கு மாற்றினால் சத்தம் மறைகிறதா? மறைந்தால், முன்பு தேர்ந்தெடுத்திருந்த கருவியின் பக்கம் போங்கள். மறையாவிட்டால் அந்தக் கருவி நிரபராதி என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். புதியவர்கள் பலரும் இடறும் இடம் இது. பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் அந்தச் சுவிட்ச் நடு ஊசியின் சிக்னலை மட்டுமே மாற்றும். எர்த் பக்கம் எல்லா உள்ளீடுகளுக்கும் எப்போதும் ஒன்றாகவே இணைந்திருக்கும். தேர்ந்தெடுக்காத கருவியும் தன் எர்த் வழியாக வம்பு செய்ய முடியும். அதனால்தான் அடுத்த படியில் கேபிள்களைக் கையால் உருவச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள்

ஆம்ப்ளிஃபையரோடு ஸ்பீக்கர்களும் மின்சாரமும் மட்டும் மிஞ்சட்டும். ஆர்.சி.ஏ., எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி., ஆன்டெனா, சப்வூஃபர் கேபிள், உலோக உறை போட்ட நெட்வொர்க் கேபிள் என்று மீதி அத்தனையும் வெளியே வரட்டும். இப்போது இயக்குங்கள். இன்னும் முனகினால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ, அது வாங்கும் மின்சாரத்திலோ இருக்கிறது. வேறோர் அறையின் பிளக்கில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

அமைதியாக இருந்தால் பாதி வெற்றி. இனி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். முதலில் கேபிளை மட்டும் ஆம்ப்ளிஃபையர் பக்கம் செருகுங்கள், மறுமுனை தொங்கட்டும். திறந்து தொங்கும் கேபிள் ஆன்டெனா போலக் கொஞ்சம் முனகும், அது இயல்பு. பிறகு மறுமுனையை அணைத்து வைத்த கருவியில் மாட்டுங்கள். அதன் பிறகு அந்தக் கருவிக்கு மின்சாரம் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்டது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றிச் சத்தம் போய்விட்டால், எது போக்கியது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலிடர் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. பிளக்கின் நடு ஊசியையும் வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்து வைத்துக்கொள்ளலாம். சந்தேகப்படும் உள்ளீட்டில் அதைச் செருகி, சத்தம் அடங்கினால் அந்த உள்ளீடு நலம். உள்ளீட்டில் மட்டும் செருகுங்கள். வெளியீட்டில் செருகினால் கருவி கெடக்கூடும்.

எர்த் வளையம்: பாதிக் கதை இங்கேதான்

என் வீட்டில் தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. கேபிளை உருவியதும் முனகல் நின்றது. செருகியதும் வந்தது. அந்தத் தொலைக்காட்சிக்கு இரண்டு ஊசி பிளக்தான், எர்த்தே கிடையாது. அதனால் அதை நான் அதுவரை சந்தேகிக்கவே இல்லை. எச்.டி.எம்.ஐ.யைச் செருகிய நிலையிலேயே விட்டுவிட்டு, தொலைக்காட்சியின் பின்னால் கையை நுழைத்து ஆன்டெனா கேபிளின் திருகு வளையத்தைத் தளர்த்தினேன். அரைச் சுற்றில் 'உம்ம்' உடைந்து 'கர்கர்' என்றது. இன்னும் இரண்டு சுற்று திருகியதும் கேபிள் கையோடு வந்தது. அறை நிசப்தம். தரையில் கிடந்த அந்த விரல் பருமன் கேபிளைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். கூரை மேலிருந்த ஆன்டெனா அங்கேயே தனியாக எர்த் செய்யப்பட்டிருந்தது. சப்வூஃபருக்கு மூன்று ஊசி பிளக், அதன் எர்த் சுவர் வழியாக. தரை என்பது எல்லா இடத்திலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. இரண்டு எர்த்துக்கும் இடையில் சிறு வித்தியாசம் இருந்தாலே போதும், அவற்றை இணைக்கும் வழி கிடைத்ததும் மின்னோட்டம் பாயும். அந்த வழிதான் என் ஆடியோ கேபிள்களின் வெளிவலை. ஆன்டெனாவிலிருந்து தொலைக்காட்சி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர், சுவர், தரை என்று ஒரு முழு வளையம்.

இவ்வளவு சிறிய மின்னோட்டமா இப்படிச் சத்தம் போடுகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபிளின் வெளிவலைக்கும் பிளக்குகளுக்கும் சேர்த்து 0.1 ஓம் மின்தடை என்று வைப்போம். வளையத்தில் ஓடுவது வெறும் 3 மில்லிஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 0.3 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபையருக்கு வரும் சாதாரண சிக்னல் சுமார் 0.3 வோல்ட், அதாவது ஆயிரம் மடங்கு பெரியது. டெசிபல் கணக்கில் 60. ஆரவாரமான பாட்டில் இந்த முனகல் மூழ்கிவிடும். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் தெளிவாகக் கேட்கும்.

தீர்வுகளைச் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஒன்றோடொன்று இணைந்த கருவிகள் எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக இயக்குங்கள். எர்த்துகளுக்கு இடையிலான தூரம் குறையக் குறைய வித்தியாசமும் குறையும். ஆடியோ கருவிகள் இழுக்கும் மின்சாரம் பொதுவாக அதிகமில்லை, ஆனாலும் மொத்த வாட் அந்தப் பெட்டியின் வரம்பைத் தாண்டக்கூடாது. தேவைக்கு மேல் நீண்ட சிக்னல் கேபிள் இருந்தால் குட்டையானதாக மாற்றுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் வளையத்தை எங்காவது அறுக்க வேண்டும், ஆனால் பாதுகாப்பு எர்த்தில் அல்ல, சிக்னல் வழியில். தொலைக்காட்சியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஆப்டிகல் கேபிள் போட முடிந்தால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. அதில் ஒளிதான் போகிறது, செம்புக் கம்பியே இல்லை. ஆன்டெனா வழியில் என்றால் அதற்கென்றே, எர்த் தொடர்பை அறுத்துச் சிக்னலை மட்டும் விடும் சிறிய ஐசொலேட்டர் கிடைக்கிறது. டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: டிஷ்ஷின் தலைப்பகுதிக்கு அதே கேபிளில்தான் மின்சாரம் போகிறது. சாதாரண ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும், படமே வராது. ஆர்.சி.ஏ. வழியில் என்றால் சிக்னல் ட்ரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஐசொலேட்டரைப் போடலாம். மிக மலிவானவற்றில் தாழ்ந்த ஸ்வரங்கள் மெலிந்துபோகும், அதனால் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இரு பக்கமும் எக்ஸ்.எல்.ஆர். பேலன்ஸ்டு இணைப்பு (வழியில் சேரும் முனகலைத் தானே கழித்துவிடும் மூன்று ஊசிச் சிக்னல் இணைப்பு) இருக்கும் கருவிகள் உங்களிடம் இருந்தால், அதைப் பயன்படுத்தாமல் ஆர்.சி.ஏ.யில் மாட்டியிருப்பதே தவறு.

மடிக்கணினிக்குச் சோதனை ஒரு நொடிதான். சார்ஜரை உருவுங்கள். சத்தம் போனால் வளையம் சார்ஜர் வழியாகப் போகிறது. பாட்டு கேட்கும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டலாம், அல்லது ப்ளூடூத்துக்கோ ஆப்டிகலுக்கோ மாறலாம்.

சப்வூஃபர் மட்டும் முனகினால் அதன் நீண்ட கேபிளையும் தனிப் பிளக்கையும் பாருங்கள். சேர்ந்து இயங்கும் கருவிகளில் அதுதான் வழக்கமாக அறையின் எதிர் மூலையில், வேறொரு பிளக்கில் மாட்டியிருக்கும்.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு

இசைத்தட்டில் ஊசி எடுக்கும் சிக்னல் அற்பமானது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் இரண்டு வகை உண்டு. மூவிங் மேக்னட் (காந்தம் அசையும்) வகை சுமார் 5 மில்லிவோல்ட் கொடுக்கும், குறைந்த வெளியீடு உள்ள மூவிங் காயில் (சுருள் அசையும்) வகை அரை மில்லிவோல்டுக்கும் குறைவாகவே கொடுக்கும். முன்பு பார்த்த அதே 0.3 மில்லிவோல்ட் முனகலை இதோடு ஒப்பிடுங்கள். முதல் வகையில் அது சிக்னலில் பதினேழில் ஒரு பங்கு, இரண்டாவதில் கிட்டத்தட்ட சிக்னலுக்குச் சமம். இசைத்தட்டுக்கென்றே இருக்கும் ஃபோனோ சுற்று இதை 100 மடங்கும் மூவிங் காயிலுக்கு 1000 மடங்கும் பெருக்குகிறது. போதாக்குறைக்கு, 1954 முதல் இசைத்தட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு (தட்டில் குறைத்துப் பதித்த தாழ்ந்த ஒலிகளைத் திரும்ப ஏற்றும் விதி), 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிடச் சுமார் 17 டெசிபல் கூடுதலாக ஏற்றுகிறது. ஆகவே ஃபோனோவில் முனகல் சற்றே கூடுதலாக இருப்பது இயற்கை. பாட்டைக் கெடுக்கும் அளவு இருந்தால் மட்டும் தேடுங்கள்.

முதலில் மெல்லிய எர்த் கம்பி. ஆர்.சி.ஏ. கேபிள்களோடு தனியாக ஒன்று வரும். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் எர்த் குறி போட்ட திருகின் கீழ் அதை மாட்ட வேண்டும். 'மாட்டித்தான் இருக்கிறேன்' என்று எனக்குத் தெரிந்த ஒருவர் அடித்துச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தோம். கம்பியின் முனை திருகின் கீழ்தான் இருந்தது, ஆனால் செம்பு அல்ல, அதன் பிளாஸ்டிக் உறை. ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி மறுபடி இறுக்கியதும் அடங்கிவிட்டது. சில டர்ன்டேபிள்களில் எர்த் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் தனிக் கம்பி இல்லாதது குறையல்ல.

எர்த் சரியாக இருந்தும் முனகினால், ஊசியைத் தட்டில் வைக்காமல் வால்யூமைச் சற்றே ஏற்றி, ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைத் தட்டுக்கு மேலே, அதன் நடுவை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். நடுவை நெருங்கும்போது முனகல் கூடினால் அது மோட்டார் அல்லது பக்கத்திலிருக்கும் மின்மாற்றியின் காந்தப்புலம். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையருக்கு மேலேயோ ஒட்டியோ வைத்திருந்தால் அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் முனகினால் கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு நுண்கம்பிகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. அவற்றில் ஒன்று தளர்ந்திருக்கும். மயிரிழை போன்ற அந்தக் கம்பிகளைப் பிடித்து இழுக்காதீர்கள், முனையின் கவ்வியை மட்டும் பிடியுங்கள்.

காற்றில் வருவது

கைபேசி அழைப்பு வருவதற்குச் சற்று முன் ஸ்பீக்கரில் 'டிட்டிடிட்' கேட்பது பழைய ஜி.எஸ்.எம். அலைபரப்பின் கையெழுத்து. அது நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். கைபேசியை நகர்த்தினால் போதும்.

டிம்மரும் மலிவான எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றும் சின்ன மின் அடாப்டர்களும் இதைவிடச் சிக்கல். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான் முறை. அதற்கு முன் ஒரு பழைய தந்திரம்: பேட்டரியில் ஓடும் ஏ.எம். வானொலியை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டைச் சுற்றி நடங்கள். கோளாறான அடாப்டரை நெருங்க நெருங்க வானொலி 'சர்ர்' என்று அலறும். சமையலறையில் மறந்துபோன ஒரு சார்ஜரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு அறையாக மின்சாரத்தை நிறுத்தியும் பார்க்கலாம், வானொலிக்கு பேட்டரி இருப்பதால் அது பாடிக்கொண்டே இருக்கும்.

கேபிள்களின் கிடப்பையும் பாருங்கள். மின்கம்பியும் சிக்னல் கம்பியும் ஒரே கட்டில் சேர்ந்து நீண்டு கிடக்கக்கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் சிலுவை போலச் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். அழகுக்காக எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி நாடா போட்டுக் கட்டும் பழக்கம் இங்கே உதவாது.

கரகரப்பு: இடமும் வலமும் மாற்றுங்கள்

ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் வேலை சுலபம், ஏனென்றால் நல்ல பக்கம் ஒன்று ஒப்பிடுவதற்கு இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளை இடம் வலமாக மாற்றுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரிலேயே தொடர்ந்தால் ஸ்பீக்கரில் கோளாறு. மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு அதற்கு முன்னால். கம்பிகளைப் பழையபடி மாட்டி, இப்போது ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் இருக்கும் ஆர்.சி.ஏ. ஜோடியை மாற்றுங்கள். தாவினால் கேபிளோ பாடும் கருவியோ, தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபையர். இப்படியே ஒவ்வொரு சந்தியாகப் பின்னோக்கிப் போனால், எந்த இரண்டு சந்திகளுக்கு நடுவில் குறை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசியோ ஆக்சைடோ படிந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு அந்தக் குமிழை முனைக்கு முனை முப்பது தடவை திருப்புங்கள். நாள்பட்டுக் கிடந்தவற்றுக்கு இதுவே பல சமயம் மருந்து. திரும்பத் திரும்ப வந்தால் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் திரவம் தேவைப்படும், அதற்கு மூடியைத் திறக்க வேண்டும், எனவே தெரிந்தவரிடம் விடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையரில் வெளியே தெரியும் வால்வைப் பென்சிலின் மறுமுனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி போல உரக்க ஒலித்தால் அந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

'உஸ்ஸ்' எப்போது கவலை?

ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் சீறல் கேட்பது நோயல்ல. எந்த மின்தடையிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்து இந்தச் சீறலைக் கிளப்பிக்கொண்டேதான் இருக்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இதை அடியோடு ஒழிக்க முடியாது, பாட்டுக்குக் கீழே அமுக்கத்தான் முடியும்.

அமுக்கும் வழி, வரிசையின் தலையில் சிக்னலை உரக்க வைப்பது. கைபேசியில் வால்யூமை 30 சதவீதத்தில் வைத்து ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருப்பினால், சீறலையும் சேர்த்துத்தான் பெருக்குகிறீர்கள். தலைகீழாக மாற்றுங்கள்: கைபேசி அல்லது கணினி கிட்டத்தட்ட முழு அளவில், ஆம்ப்ளிஃபையர் குறைவாக. மின்சாரம் வாங்கும் ஸ்பீக்கர்களின் பின்புறம் ஒரு குமிழ் ஒளிந்திருக்கும், அதையும் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரின் உணர்திறனும், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதும், இதில் பங்கு கொள்கிறது. 88 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்காத சீறல், 100 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கரில் 12 டெசிபல் உரக்க வரும், ஆம்ப்ளிஃபையர் அதேதான் என்றாலும். நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையரே காரணம் என்றால்

எல்லாம் கழற்றிய பிறகும், வேறு அறையிலும், வால்யூம் எங்கே இருந்தாலும் 'ர்ர்ர்' தொடர்ந்தால் மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்கள் வற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பல ஆண்டு உழைத்த கருவியில் இது எதிர்பார்க்கக்கூடியதே, மாற்றினால் சரியாகும். ஆனால் ஆன் செய்ததும் ஸ்பீக்கர் 'டம்' என்று அதிர்ந்து, அதன் கூம்பு வெளியிலோ உள்ளேயோ தள்ளப்பட்டு அப்படியே நின்றால் அந்த நொடியே அணையுங்கள். வெளியீட்டில் நேர்மின்னோட்டம் வருகிறது. ஸ்பீக்கரின் சுருள் எரிய அதிக நேரம் ஆகாது.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொன்னால் அவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குறித்துவைத்த தாளைக் கொடுங்கள். நான் கடைசியாக எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 'கேபிள் எதுவும் மாட்டவில்லை. இரண்டு ஸ்பீக்கரிலும் ர்ர்ர். வால்யூமால் மாறவில்லை. ஆன் செய்த உடனே தொடங்குகிறது, சூடேறினால் சற்றுக் குறைகிறது. வேறு பிளக்கிலும் இப்படியே.' அவர் அதைப் படித்துவிட்டு, நான் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் இறக்கவே வேண்டாம் என்றார்.